ஏழு மூன்று, திருப்பிச் சொல்லுங்கள்

கடைசிச் சட்டித் தயிருக்காகத்தான் சண்டை வந்தது.

அன்றைக்கு அசார் மாதம் பதினைந்து. நாற்று நடவு நாள். தயிரும் அவலும் சாப்பிடாத வீடு அன்று குராஸ்டாண்டா மலையில் ஒன்றுகூட இருக்காது. விமான நிலைய வாசலில் இருந்த, எல்லோருக்கும் அக்காவான பேமா தீதியின் டீக்கடையிலும் காலையிலிருந்து அதேதான். பினிதா மழையில் ஓடி வந்து, குடையை உதறிவிட்டு உள்ளே நுழைந்தபோது மணி மூன்று. மூலை பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் கடைசி மண்சட்டி. அவன் கையில் கரண்டி.

"நிறுத்துங்க! அது என்னோடது."

கரண்டி பாதி வழியில் நின்றது. அவன் நிமிர்ந்தான்.

இமை நுனியில் மழைத்துளி தங்கிய இரண்டு கண்கள்... கோபப்படுவது என்று முடிவு செய்துவிட்டு, பசியை மறைக்கத் தெரியாமல் நிற்கும் கண்கள். என்ன சொல்ல வந்தோம் என்பதே அவனுக்கு ஒரு கணம் மறந்து போனது.

"சட்டியில பேர் எழுதியிருக்கா?" என்றான், சமாளித்துக்கொண்டு.

"காலையிலேயே தீதிகிட்ட எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன்."

பேமா தீதி அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "கோவிச்சுக்காத பஹினி, என் தங்கச்சியில்ல. இந்த மழையில நீ எங்க வரப்போறேன்னு நினைச்சேன். இவர் பதினோரு மணியிலிருந்து இங்கேயே கிடக்கிறாரு. மூஞ்சியைப் பாவமா வச்சுக்கிட்டுக் கேட்டாரு..."

"பாவமா? இந்த மூஞ்சியா?"

"ஏங்க, தயிருக்குச் சண்டை போடுங்க. மூஞ்சியை எதுக்கு இழுக்கிறீங்க?" அவன் சட்டியை மேசையின் நடுவுக்கு நகர்த்தினான். "சரி, பாதிப் பாதி. நீங்க பிரிங்க. எந்தப் பாதின்னு முதல்ல நான் எடுப்பேன்."

பினிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தபோதுதான், அவனுடைய மழைக்கோட்டின் விலகிய கழுத்து வழியே, வெள்ளைச் சட்டையின் தோளில் நான்கு தங்கக் கோடுகளைப் பார்த்தாள்.

கேப்டன்.

அன்று அந்த ஓடுபாதையில் ஒரே ஒரு விமானம்தான் நின்றது. பள்ளத்தாக்கில் மேகம் இறங்கிவிட்டதால், 'புறப்பட அனுமதியில்லை' என்று கட்டுப்பாட்டு டவரிலிருந்து அதை நிறுத்தி வைத்தவளே அவள்தான். அப்படியானால் இவன்... ரேடியோவில் அவள் 'ஏழு மூன்று' என்று அழைக்கும் விமானத்துக்காரன். சஜல் ஷேர்சன். வேலைக்கு வந்த மூன்று வாரத்தில் அவள் இரண்டு புகார் எழுதிய ஆள்!

பினிதா தயிரை மிகக் கவனமாகப் பிரித்தாள்.

"பாவம், எதனால மாட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டாள், ஒன்றும் தெரியாதவள் போல.

"மேகம் பாதி. டவர் பாதி." அவன் பெரிய பாதியை இழுத்துக்கொண்டான். "புதுசா ஒரு அம்மா வந்திருக்காங்க அங்க. எதைச் சொன்னாலும் 'திருப்பிச் சொல்லுங்கள், திருப்பிச் சொல்லுங்கள்'னு உயிரை எடுக்கிறாங்க. வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிற டீச்சர் மாதிரி."

"வயசானவங்களோ?"

"ஐம்பதுக்கு மேல. ரேடியோவுல குரலைக் கேட்டாலே தெரியுமே. மூக்குக் கண்ணாடி, இறுக்கிப் போட்ட கொண்டை..."

பினிதா தன் ஈரச் சடையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினாள். அடுப்படியில் பேமா தீதிக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை.

"அப்போ நீங்க திருப்பிச் சொல்லவே மாட்டீங்களா?"

"எதுக்குங்க? மைக் பட்டனை ரெண்டு தரம் தட்டினாப் போதும். டக்... டக்... 'கேட்டாச்சு தாயே'ன்னு அர்த்தம். இந்த மலைப்பக்கம் பாதிப் பேர் அப்படித்தான். அந்த அம்மாவுக்கு மட்டும் ஆகாது."

பினிதா கரண்டியை எடுத்தாள். மண்சட்டியின் விளிம்பில் மெதுவாகத் தட்டினாள்.

டக்... டக்...

பிறகு, தலையை நிமிர்த்தி, டவரில் பேசும் அந்தக் குரலில் சொன்னாள்: "ஏழு மூன்று, திருப்பிச் சொல்லுங்கள்."

அவல் அவனுக்குப் புரையேறியது. பேமா தீதி தண்ணீரோடு ஓடி வந்தாள். கண்ணில் நீர் முட்ட, காதெல்லாம் சிவக்க, சஜல் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே... இரண்டு புகாருக்கும் அது ஈடாகிவிட்டது என்று பினிதா நினைத்தாள்.

"ஹஜூர்... நான்... கொண்டை..."

"கொண்டையை விடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், பதில் சொல்லுங்க. டக் டக்குன்னு ஒரு சத்தம் வந்தா, அதைத் தட்டினது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுக்குக் குரல் இருக்கா? பேர் இருக்கா?"

அவன் கரண்டியால் தயிரைக் கிளறினான். மழை தகரக் கூரையில் பேசிக்கொண்டே இருந்தது.

"இனிமே ஒழுங்காச் சொல்றேன்," என்றான் கடைசியில். "மூணாவது புகார் எழுதிடாதீங்க."

"தயிரோட பெரிய பாதியை எடுத்துக்கிட்டதுக்கு எழுதலாமான்னு யோசிக்கிறேன்."

*

மறுநாள் காலை வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

குராஸ்டாண்டாவுக்கு வரும் வழி ஒன்றுதான். ஆற்றின் மேல் ஒரு தொங்குபாலம். பாலத்திலிருந்து ஓடுபாதை வரை ஒரு குறுகிய பள்ளத்தாக்கு. இறங்குகிற விமானமும் அதன் வழியேதான் வர வேண்டும், ஏறுகிற விமானமும் அதன் வழியேதான் போக வேண்டும். ஆகவே பாலத்துக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் எப்போதும் ஒரே ஒரு விமானம். பாலத்தின் மேல் வந்ததும் விமானி டவரிடம் கேட்பான். 'உள்ளே வா' அல்லது 'வெளியில் காத்திரு' என்று டவர் சொல்லும். அவன் அதைத் திருப்பிச் சொல்வான். 'திருப்பிச் சொன்னது சரி' என்று டவர் முடித்து வைக்கும். பினிதாவின் வேலை முழுவதும் அந்த நான்கு வரிகளில் இருந்தது.

"குராஸ்டாண்டா, ஏழு மூன்று, பாலத்தின் மேல் இருக்கிறேன்."

"ஏழு மூன்று, உள்ளே வரலாம். காற்று தெற்கிலிருந்து, ஆறு."

"உள்ளே வருகிறேன், காற்று தெற்கிலிருந்து ஆறு, ஏழு மூன்று." அட்சரம் பிசகவில்லை!

"திருப்பிச் சொன்னது சரி."

அதற்குப் பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, ஒரு சின்னச் சத்தம் வந்தது.

டக்... டக்...

பினிதா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். உள்ளே வரலாமா என்று தெரியாதவன் கதவைத் தட்டுவது போல இருந்தது அது. முதல் தட்டு சின்னது. நடுவில் ஒரு மூச்சு. இரண்டாவது கொஞ்சம் நீளம்...

அவன் விமானம் பன்னிரண்டே நிமிடம்தான் நிற்கும். எஞ்சினைக்கூட அணைக்க மாட்டார்கள். ஆட்கள் இறங்கி ஆட்கள் ஏறுவதற்குள் அவள் டவர் கண்ணாடி வழியே பார்ப்பாள். அவன் முன்பக்க ஜன்னலில் ஒரு கையைத் தூக்குவான். அவ்வளவுதான். முகம்கூடத் தெளிவாகத் தெரியாது. ஆனால் மாலையில் டீக்கடைக்குப் போனால் பேமா தீதி ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டுவாள். காத்மாண்டுவில், பினிதாவின் வீடு இருக்கும் அசன் கடைத்தெருவில் விற்கும் லப்சிப் பழப் புளிப்பு மிட்டாய்.

"யாரோ குடுத்தனுப்பினாங்க," என்பாள் தீதி, முகத்தை மிகவும் அப்பாவியாக வைத்துக்கொண்டு. "தோள்ல நாலு கோடு இருக்கிறவராம். பேர் கேட்க மறந்துட்டேன்."

அசார் முடிந்து, சாவன் மாதம் முழுவதும் இப்படியே போயிற்று. ஒருநாள் அவன் அவசரத்தில் பாதி வரியைத்தான் திருப்பிச் சொன்னான், மீதிக்கு டக் டக். அவள் 'திருப்பிச் சொல்லுங்கள்' என்று கேட்கவில்லை. இன்னொரு நாள் முழு வரிக்கும் டக் டக். அன்றும் கேட்கவில்லை. ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. 'உள்ளே வரலாமா' என்று அவன் கேட்டதற்கு அவளே பட்டனை இரண்டு தரம் தட்டினாள்... அந்தப் பக்கத்திலிருந்து அடக்க முடியாத சிரிப்பு ஒன்று ரேடியோவில் கேட்டது.

அடுத்த பள்ளத்தாக்குக்கு அரிசி ஏற்றிப் போகும் ஹெலிகாப்டர்க்காரர் ஓம் குருங் மட்டும் ஒரு நாள் நடுவில் புகுந்தார். "டவர்ல இப்பல்லாம் பேச்சே கேக்கலையே பஹினி? மரங்கொத்தி ஏதாவது வளக்கிறியா?"

"வழியைப் பாருங்க தாஜு," என்றாள், அண்ணன் முறை வைத்து. முகம் சூடாகிவிட்டது.

கேட்பதை எந்த நாளில் விட்டோம் என்று அவளுக்கே தெரியாது. நான்கு வரி வேலை இரண்டு தட்டலாகச் சுருங்கிப்போனது. அது தப்பு என்று அவளுக்குள் யாரோ சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் அந்த இரண்டு தட்டலுக்காகத்தான் இப்போதெல்லாம் அவளுக்குக் காலை விடிகிறது என்பதையும் அதே யாரோ சொன்னார்கள்.

*

சாவன் முடிந்து, பதௌ மாதம் ஐந்தாம் தேதி. காலை ஏழே முக்கால்.

ஓடுபாதையில் வேறொரு விமானம் புறப்படத் தயாராக நின்றது. உள்ளே பதினான்கு பயணிகள். கிழக்குச் சரிவில் மேகம் நழுவி இறங்கிக்கொண்டிருந்தது. பினிதா முதலில் குருங் தாஜுவை எச்சரித்தாள். "கிழக்கில் மேகம் இறங்குகிறது, கவனம்." அவரிடமிருந்து பதில் வருவதற்குள் அடுத்த வேலை வந்துவிட்டது. புறப்படும் விமானத்துக்கு அனுமதி கொடுத்தாள். சஜல் பாலத்தை நெருங்கும் நேரம்.

பட்டனை அழுத்தினாள். "ஏழு மூன்று, பாலத்துக்கு வெளியிலேயே காத்திருங்கள். ஒரு விமானம் புறப்படுகிறது."

பட்டனை விட்டாள். ஒரு மூச்சு அமைதி.

டக்... டக்...

பினிதா புன்னகைத்தாள். குறிப்பேட்டில், 'ஏழு மூன்று காத்திருக்கிறது' என்று எழுதினாள்.

புறப்பட்ட விமானம் சரிவில் ஓடி, விளிம்பில் எழும்பி, பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. அப்போதுதான்... மலை வளைவில், கிழிந்த மேகத்துக்குள்ளிருந்து, ஒரு வெள்ளை மூக்கு வெளியே வந்தது.

இருக்கக் கூடாத இடத்தில். இருக்கக் கூடாத நேரத்தில்.

"ஏழு மூன்று! வலது! வலது!"

அது அவள் குரல்தானா? கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விமானங்களும் தத்தம் பக்கத்து மலையை உரசுகிற மாதிரி சாய்ந்தன. இரண்டு இறக்கைகளுக்கும் நடுவில் கொஞ்சம் வானம் தெரிந்தது. கொஞ்சம்தான். பிறகு ஒன்று கீழே போய்விட்டது. ஒன்று மேலே வந்துவிட்டது.

சஜல் இறங்கினான். அன்று எஞ்சினை அணைத்தான். பதினாறு பயணிகளும் ஒன்றும் தெரியாமல் மூட்டைகளைத் தேடிக்கொண்டிருக்க, அவன் மழையில் டவர் படிக்கட்டு வரை ஓடி வந்து நின்றான். பினிதா இறங்கி வரவில்லை. மைக்கைப் பிடித்திருந்த விரல்களை இன்னொரு கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

*

மூன்றாம் நாள் அதே மூலை பெஞ்சு. தீதி டீயை வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். இருவரையும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். பத்து நாளில் காத்மாண்டுவில் விசாரணை.

"நான் காத்திருக்கச் சொன்னேன்," என்றாள் பினிதா. டம்ளரைப் பார்த்தே பேசினாள். "நீங்க தட்டினீங்க. அப்புறம் ஏன் உள்ள வந்தீங்க?"

"நான் தட்டலை."

அவள் நிமிர்ந்தாள்.

"நீங்க காத்திருக்கச் சொன்னதே எனக்குக் கேக்கலை," என்றான் சஜல். "பாலத்து மேல வந்ததும் 'உள்ளே வரலாமா'ன்னு கேட்டேன். பட்டனை விட்டதும் டக் டக்குன்னு பதில் வந்துச்சு. நீங்கதான் தட்டினீங்கன்னு நினைச்சு நுழைஞ்சேன்."

"நான் தட்டலையே..."

இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பேசுகிறவனுக்குக் காது கிடையாது. ரேடியோவின் சட்டம் அது. ஒரே நொடியில் இருவரும் பட்டனை அழுத்திப் பேசியிருக்கிறார்கள். இவள் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை, அவன் கேட்டது இவளுக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மூன்றாவது யாரோ, வேறு எதற்கோ, இரண்டு தரம் தட்டியிருக்கிறார்கள். அதை அவள் அவன் என்று எடுத்துக்கொண்டாள். அவன் அவள் என்று எடுத்துக்கொண்டான்.

'அதுக்குக் குரல் இருக்கா? பேர் இருக்கா?' அவள் கேட்ட கேள்விதான். இதே பெஞ்சில்.

"டவர்ல இருக்கிற நாடாவுல உங்க குரலும் ரெண்டு தட்டலும் மட்டும்தான் பதிவாகியிருக்கும்," என்றான் சஜல் மெதுவாக. "யார் தட்டினதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால... நான்தான் தட்டினேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னது?"

"நீங்க சொன்னது கேட்டுச்சு, தட்டினேன், கவனக்குறைவா உள்ள வந்துட்டேன்னு. அப்போ உங்க மேல தப்பு வராது. என் பக்கத்து சீட்டுல இருந்தவன் நல்ல பையன். அவன் எதையும் கவனிக்கலைன்னு சொல்லிட்டான்."

"உங்க லைசென்ஸ் போயிடும். எட்டு வருஷம் பக்கத்து சீட்டுல உக்காந்து போன வருஷம்தான் கேப்டன் ஆனீங்க!"

"டவர்ல உக்காரணும்னு நீங்களும்தானே வீட்டுல சண்டை போட்டு வந்தீங்க? தீதி சொன்னாங்க. திருப்பி அனுப்பிட்டா, ஏதாவது ஆபீஸ்ல கோப்பு அடுக்கணும். நீங்க இங்கதான் இருக்கணும் பினிதா."

அவள் எழுந்துவிட்டாள். கண்ணில் நீர் இருந்தது, ஆனால் அது கரைந்து வந்த நீர் இல்லை.

"உங்க தயவுல நான் டவர்ல உக்காரணுமா? தினமும் அந்த நாற்காலியில உக்காந்து, இது ஒரு பொய் வாங்கிக் குடுத்த இடம்னு நினைக்கணுமா? அந்த மூணாவது ஆள் நாளைக்கு வேற மலையில இதே மாதிரி தட்டுவான். அப்போ நடுவுல அவ்வளவு வானம்கூட இருக்காது."

"பினிதா..."

"இன்னைக்கும் பாதித் தயிர்தான் குடுக்கிறீங்க. தப்புலயும் பெரிய பாதியை நீங்களே எடுத்துக்கிறீங்க."

குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனாள்.

*

விசாரணை அறையில் நீள மேசை. நடுவில் நாடாக் கருவி. தலைமை அதிகாரி பராஜுலி மேடத்துக்கு நிஜமாகவே மூக்குக் கண்ணாடியும் இறுக்கிப் போட்ட கொண்டையும் இருந்தன. வேறொரு நாளாக இருந்திருந்தால் பினிதா சஜலைத் திரும்பிப் பார்த்திருப்பாள். இன்று பார்க்கவில்லை. பத்து நாளாக அவன் போனையும் எடுக்கவில்லை.

மேடம் அவனுடைய வாக்குமூலத்தை வாசித்து முடித்தார்.

"இது உண்மைன்னா விஷயம் சுலபம், மிஸ் தூலாதர். நீங்க சரியாச் சொல்லியிருக்கீங்க. நீங்க டவருக்குத் திரும்பலாம். கேப்டன் ஷேர்சன் இனிமே விமானம் ஓட்ட முடியாது. நீங்க ஏதாவது சேர்க்க விரும்புறீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவு போதும். சஜல் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மைக் பட்டனைத் தட்டும் அந்தக் கட்டைவிரல்...

"நாடாவை இன்னொரு தடவை போடுங்க மேடம்."

அறையில் அவள் குரல் ஒலித்தது. 'பாலத்துக்கு வெளியிலேயே காத்திருங்கள்...' ஒரு மூச்சு. டக்-டக்.

"இது அவர் தட்டினது இல்லை."

"எப்படிச் சொல்றீங்க? ரெண்டு தட்டல். அதுல என்ன அடையாளம் இருக்கு?"

"இருக்கு மேடம்," என்றாள் பினிதா. "அவர் தட்டினா முதல் தட்டு சின்னதா இருக்கும். நடுவுல ஒரு மூச்சு விடுவாரு. ரெண்டாவது கொஞ்சம் நீளமா இருக்கும். மழை விட்ட முப்பத்தெட்டு காலையில நான் கேட்டிருக்கேன். பழைய நாடா எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. இது ரெண்டும் ஒரே அளவு. அவசரத்துல இருக்கிற யாரோ தட்டினது."

சஜல் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்க, அன்னைக்கு மட்டும் ஏன் ஏமாந்தீங்க?"

"நான் காத்துக்கிட்டிருந்தேன் மேடம். ஒண்ணுக்காகக் காத்துக்கிட்டே இருந்தா... எது வந்தாலும் அதுதான் வந்துடுச்சுன்னு தோணும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இதே தட்டலுக்காக இவர் மேல ரெண்டு புகார் எழுதின பொண்ணு நீங்க. அசார் மாசத்துக்கு அப்புறம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேக்கிறதையே விட்டுட்டீங்க. ஏன்?"

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இதுவும் பதிவாகிறது. கவனக்குறைவு என்று சொன்னால் போதும். ஆனால் அது உண்மை இல்லை. உண்மை சொல்லாவிட்டால் இந்த அறை எதற்கு?

"பிடிச்சிருந்தது மேடம்."

"எது?"

"அந்த டக் டக்..." அவள் தலை குனிந்தது. "அதைத் தட்டினவரும்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெரியவரின் விரல்கள் நின்றன. "மேடம்... இதை எழுதணுமா?"

"எழுதுங்க. காரணம் அதுதானே."

நாற்காலி பின்னால் நகரும் சத்தம். சஜல் எழுந்து நின்றிருந்தான். "என்னோட வாக்குமூலம் பொய் மேடம். அவங்க சொன்னது எனக்குக் கேக்கவே இல்லை. தட்டல் சத்தத்தை அவங்க குடுத்த அனுமதின்னு நினைச்சு நுழைஞ்சுட்டேன். வாய் திறந்து இன்னொரு தடவை கேட்டிருக்கணும்."

"ஏன் கேக்கலை?"

அவன் காது சிவந்தது. "அதே... காரணம்தான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே காரணம். ரொம்ப நல்லா இருக்கு," என்றார் பராஜுலி மேடம். சிரிக்கவில்லை. "அந்தக் காரணத்துக்குத் தெரியுமா, ரெண்டு விமானத்துலயும் சேர்த்து முப்பத்து நாலு உயிர் இருந்துச்சுன்னு?"

மேடம் போனை எடுத்தார். அன்று அந்த வானத்தில் இருந்த மூன்றாவது ஆளை அழைத்தார். ஓம் குருங்குக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவர் குரல் உடைந்தது. "மேகம் இறங்குதுன்னு பஹினி சொன்னா... கேட்டாச்சுன்னு ரெண்டு தட்டு தட்டினேன். நான்தான் மேடம். அவங்களைப் பார்த்துப் பழகினது. ஐயோ... நான்தானா?"

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். இருவரும் மூன்று மாதம் வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும். மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு. அதன் பிறகு அவரவர் இடம். 'தட்டல் பதில் ஆகாது' என்று எல்லா டவரிலும் எல்லா விமானத்திலும் ஒட்டுவதற்கு ஓர் அறிவிப்பு. "பொய்யை வச்சு முடிச்சிருந்தா இந்த அறிவிப்பு வந்திருக்காது," என்றார் மேடம், கோப்பைக் கட்டிக்கொண்டே. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

தாழ்வாரத்தில் சஜல் அவள் பின்னாலேயே ஓடி வந்தான். "பினிதா! நீங்க உள்ள சொன்னது..."

"அது விசாரணைக்குச் சொன்னது." அவள் திரும்பவில்லை. கழுத்து வரை சிவந்திருந்தாள். "உங்களுக்குச் சொன்னது இல்லை."

"அப்போ எனக்கு?"

"மூணு மாசம் ஆகட்டும். முதல்ல தேர்வு எழுதுங்க."

*

மழைக்காலம் முடிந்த மங்சிர் மாதம். மேகமே இல்லாத வானம். பனிமலைகள் கையெட்டும் தூரத்துக்கு வந்து நின்றன.

"குராஸ்டாண்டா, ஏழு மூன்று, பாலத்தின் மேல் இருக்கிறேன்."

மூன்று மாதமாகக் கேட்காத குரல். பினிதா கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள்.

"ஏழு மூன்று, உள்ளே வரலாம். காற்று தெற்கிலிருந்து, பத்து."

"உள்ளே வருகிறேன், காற்று தெற்கிலிருந்து பத்து, ஏழு மூன்று."

"திருப்பிச் சொன்னது சரி."

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு சின்னத் தட்டல்கூட இல்லை. அதுதான் சரி. அதுதான் சட்டம். ஆனாலும் அந்த அமைதியில் அவள் மனசு வெறும் காலோடு நின்றது.

அவன் இறங்கிய கொஞ்ச நேரத்தில் காற்று கூடிவிட்டது. பதினெட்டு, இருபது, இருபத்தைந்து. 'புறப்பட அனுமதியில்லை.' அவன் அதையும் முழுதாகத் திருப்பிச் சொன்னான்.

மூன்று மணிக்கு அவள் டீக்கடைக்குள் நுழைந்தபோது பேமா தீதி இடுப்பில் கை வைத்து நின்றாள். "உண்மையைச் சொல்லு பஹினி. காத்து அதுவா அடிக்குதா, நீ அடிக்க வச்சியா? கல்யாண மாசம் வேற."

"தீதி!"

மூலை பெஞ்சில் அவன். மேசை நடுவில் ஒரு மண்சட்டித் தயிர். இரண்டு கரண்டி. சட்டி நிறைய இருந்தது. யாரும் தொடவில்லை.

"தேர்வுல பாஸ்," என்றான் சஜல்.

"தெரியும்."

"மூணு மாசம் ஆச்சு."

"தெரியும்." அவள் எதிரில் உட்கார்ந்தாள். டவரில் எவ்வளவு காற்றுக்கும் நடுங்காத கை, மேசைக்கு அடியில் துப்பட்டாவைப் பிசைந்தது. "ஒரு தடவைதான் சொல்வேன். கவனமாக் கேளுங்க."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சஜல் ஷேர்சன்..." டவர் குரலில்தான் ஆரம்பித்தாள். அது இரண்டாவது சொல்லிலேயே அவளைக் கைவிட்டுவிட்டது. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. காலையில எழுந்ததும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் முதல்ல பாக்கிறேன். மழையோ வெயிலோ... நீங்க பத்திரமா வந்து சேரணும். எங்கிட்ட."

அவன் கை தானாகக் கரண்டியை எடுத்தது, சட்டியின் விளிம்பை நோக்கிப் போனது...

பினிதா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டக் கூடாது. வாயால."

வெளியே காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. சஜல் கரண்டியைக் கீழே வைத்தான். அவள் கை அவன் மணிக்கட்டிலேயே இருந்தது.

"பினிதா தூலாதர்... என்னை உங்களுக்குப் பிடிச்சிருக்கு. காலையில எழுந்ததும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் முதல்ல பாக்கிறீங்க. மழையோ வெயிலோ, நான் பத்திரமா வந்து சேரணும். உங்ககிட்ட." ஒரு மூச்சு விட்டான். "வந்து சேருவேன். உயிரோட இருக்கிற வரைக்கும்."

"கடைசி வரி நான் சொல்லலையே?"

"அது என்னோடது."

அவள் இமை நுனியில் ஒரு துளி நின்றது. இந்தத் தடவை அது மழை இல்லை.

"திருப்பிச் சொன்னது..." என்று ஆரம்பித்தாள் பினிதா. முடிக்க முடியவில்லை. தயிர்ச்சட்டியை அவன் பக்கமாக முழுவதும் நகர்த்திவிட்டு, மறுபடி முயன்றாள்.

"...சரி."